சவுனா வரைக்கும் பலகை

ஆர்டிஸ் கங்காஸ் ஜனவரி மாதத்தில் செத்துப்போனாள். எங்கள் ஊரில் ஜனவரியில் சாகிறவர்களை உடனே மண்ணுக்குள் வைக்க முடியாது. ஐந்தடி ஆழம் வரைக்கும் தரை இறுகிக் கிடக்கும், கடப்பாரை போட்டால் பொறிதான் பறக்கும். அதனால் சர்ச்சில் ஜெபமெல்லாம் முடித்து, பெட்டியைக் கல்லறைத் தோட்டத்து ஓரமாக இருக்கும் சின்னக் கல் கட்டடத்தில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். வசந்தம் வந்து தரை இளகியதும் குடும்பத்தார் ஒரு தேதி சொல்வார்கள். அன்றைக்குத்தான் அடக்கம். ஒரு சாவுக்கு இரண்டு தடவை கூடி அழுவது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். முதல் தடவை யாரும் சரியாக அழுவதில்லை. குளிரில் முகம் மரத்துப்போயிருக்கும்.

அப்போது நான் எங்கள் ஸ்ப்ரூஸ் ரிவர் ஊரில் ஹார்லனின் மரக்கடையில் கணக்கு மேசையில் இருந்தேன். கொட்டகை, வேலி, பின்வாசலில் மரத்தளம் என்று ஏதாவது கட்ட நினைக்கிறவர்கள் கையில் ஒரு படத்தோடு என்னிடம் வருவார்கள். எத்தனை தூண், எத்தனை சட்டம், எத்தனை பலகை, எவ்வளவு சிமெண்ட் என்று மஞ்சள் தாளில் எழுதிக் கொடுப்பேன். அவர்களும் காபி குடித்துக்கொண்டே மாமியார் கதை, மீன் பிடித்த கதை எல்லாம் சொல்லிவிட்டு மரத்துக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

ஆர்டிஸின் புருஷன் ரெய்னோ என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆர்டிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தாள். எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை கிழங்கு என்று கண்ணாலேயே சொல்லிவிடுவாள். சொன்னதற்கு மேலும் ஒரு கூடை உரித்து வைப்பாள். அவர்கள் வீட்டுப் பின்பக்கம் ரெய்னோ தன் கையால் கட்டிய சவுனா இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அடுப்பு மூட்டி, சூடேறிய கல்லில் தண்ணீர் ஊற்றி, அந்த ஆவியில் வேர்த்து விறுவிறுக்க உட்காருகிற சின்ன மரவீடுதான் சவுனா. அதிலிருந்து சமையலறை வாசலுக்கு இருபதடி. வசந்தத்தில் அந்த இருபதடியும் சேறு. குளிர்காலத்தில் கண்ணாடி மாதிரிப் பனிக்கட்டி.

அங்கே மரத்தளமாக ஒரு டெக் போட்டுக் கொடு, வெறுங்காலோடு போய் வெறுங்காலோடு வரணும் என்று ஆர்டிஸ் வருஷா வருஷம் சொல்வாள். இந்தக் கோடையில் போட்டுவிடுகிறேன் என்று ரெய்னோவும் வருஷா வருஷம் சொல்வார். ஊரே அறிந்த பேச்சு அது. அவர் கடைக்குள் ஒரு கைப்பிடி ஆணி வாங்க வந்தாலும் ஹார்லன் உள்ளே இருந்தபடியே, "டெக்குக்கா?" என்று கேட்பார். ரெய்னோவும் சிரித்துக்கொண்டே இல்லை என்று தலையாட்டுவார்.

அந்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, ரெய்னோ முதலில் சவுனாவிலிருந்து வந்து சமையலறையில் காபி போட்டுக்கொண்டிருந்தார். ஆர்டிஸ் பின்னால் வரவேண்டியவள் வரவில்லை. போய்ப் பார்த்தபோது வெளியே பனிக்கட்டிமேல் கிடந்தாள். ஈரத் தலைமுடி அதற்குள் விறைத்துவிட்டிருந்தது. இதயம் நின்றுதான் விழுந்திருக்கிறாள், வழுக்கி விழவில்லை என்று டாக்டர் சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும் என்று ரெய்னோ கேட்டார். ஒரே ஒரு தடவைதான் கேட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் வாய் திறக்கவே இல்லை.

ஏப்ரலில் கூரைகளிலிருந்து பனி உருகிச் சொட்டத் தொடங்கியபோது ரெய்னோ கடைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. ஹார்லன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் குனிந்துகொண்டார். ரொட்டி வாங்கி வந்த காகிதப் பையைப் பிரித்து அதன் உட்பக்கத்தில் படம் போட்டிருந்தார் ரெய்னோ. வீட்டுச் சுவர் ஒரு கோடு, எதிரே சவுனாச் சுவர் ஒரு கோடு, நடுவில் இருபதடி. அகலம் பன்னிரண்டடி.

"டெக் போடறேன், ஐலி" என்றார். "அடக்கம் முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்குத்தான் வரணும். சர்ச் கீழ்த்தளத்துல காபி வேணாம். அவளோட டெக்குல நின்னு எல்லாரும் குடிக்கட்டும்."

அடக்கம் எப்போது என்று கேட்டேன். டெக் முடிந்ததும் என்றார். குரலில் ஒன்றுமே இல்லை. பெயிண்ட் டப்பா விலை சொல்கிற மாதிரி சொன்னார்.

நான் பென்சிலை எடுத்தேன். வீட்டுச் சுவரோடு ஒரு சட்டத்தை போல்ட் போட்டு முடுக்கவேண்டும். பத்தடியில் ஓர் உத்தரம், சவுனா ஓரத்தில் இன்னோர் உத்தரம். உத்தரத்துக்கு மூன்றாக ஆறு தூண். ஒவ்வொரு தூணுக்கும் ஐந்தடிக் குழி, அடியில் கான்கிரீட். உறைபனி எட்டாத ஆழத்துக்குப் போகாவிட்டால் குளிர்காலத்தில் தரை உப்பித் தூணையே மேலே தள்ளிவிடும். உத்தரத்தின்மேல் பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாகப் பத்துச் சட்டம். அந்தச் சட்டங்களின்மேல் குறுக்குவாட்டில் பன்னிரண்டடிப் பலகைகள், வீட்டுச் சுவரில் தொடங்கிச் சவுனாவில் முடியும்படி.

பலகைக் கணக்கை மட்டும் அவரே போட்டுக்கொண்டு வந்திருந்தார். நாற்பது.

ஆறங்குலப் பலகை என்று நாங்கள் விற்கிறோமே, அது ஆறங்குலம் இருக்காது, கண்ணுகளா. ஆலையில் அறுக்கும்போது ஆறு. காய்ந்து இழைத்து வந்த பிறகு ஐந்தரை. ஆனாலும் பேர் ஆறங்குலப் பலகைதான். புது ஆட்கள் ஆறு என்றே வகுத்துக் கணக்குப் போட்டுவிட்டு, வேலை முடியப்போகிற நேரத்தில் பலகை பற்றவில்லை என்று ஓடி வருவார்கள். ரெய்னோ புது ஆள் இல்லை. பலகைக்குப் பலகை ஓர் ஆணி கனத்துக்கு இடைவெளி விட்டாலும் நாற்பது பலகை இருபதடியை எட்டாது. நாற்பத்து மூன்று வேண்டும். அதற்கு மேல் வெடித்தது, முடிச்சு விழுந்தது என்று கழிவதற்காகப் பத்துக்கு ஒன்று கூடுதலாக எழுதுவேன்.

"ஆறுன்னு போட்டுட்டே" என்றேன். "சவுனா வாசல்கிட்ட ஓரடிக்கு மேல மண்ணு தெரியும். நாப்பத்தி மூணு வேணும்."

அவர் படத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தார். விரலால் அந்த இருபதடிக் கோட்டை ஒரு தடவை தடவினார்.

"கணக்கெல்லாம் ஆர்டிஸ்தான் பாத்துக்குவா" என்றார். கொஞ்சம் கழித்து, "நாப்பதே இருக்கட்டும்" என்றார்.

நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை என்று நினைத்து மறுபடி விளக்கினேன். தலையாட்டினார். நாற்பது போதும் என்று திரும்பவும் சொன்னார். வற்புறுத்த எனக்கு மனசு வரவில்லை, நாற்பது என்று எழுதினேன். மரத்தை எப்போது அனுப்பட்டும் என்று கேட்டதற்கு, பார்த்துச் சொல்கிறேன் என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். நான் ஊற்றி வைத்த காபி அப்படியே ஆடை படிந்து கிடந்தது.

அடுத்த வாரம் வந்தார். பன்னிரண்டடி அகலம் அதிகம், எட்டடி போதும் என்றார். எல்லாவற்றையும் மறுபடி எழுதினேன். அதற்கடுத்து வந்தபோது, சர்ச் ஆட்கள் எல்லாரும் நிற்கவேண்டாமா, பதினாறடி போடு என்றார். எழுதினேன். அதற்குப் பிறகு சுற்றிலும் கைப்பிடி வேண்டும் என்றார். பின்னொரு நாள், தரையோடு தரையாக இருக்கிற தளத்துக்குக் கைப்பிடி எதற்கு, அதற்குப் பதிலாக ஓரத்தில் உட்கார ஒரு பெஞ்சு இருக்கட்டும் என்றார். ஒவ்வொரு தடவையும் தூண் மாறியது, சட்டத்தின் எண்ணிக்கை மாறியது, பலகையின் நீளம் மாறியது. நாற்பது மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு தடவையும் மேசை ஓரத்தில் காபி ஆறிக் கிடந்தது.

அவர் போனதும் ஹார்லன் வந்து மேசைமேல் எட்டிப் பார்ப்பார். "தாளாலயே டெக் போட்டுருவான் போல" என்று ஒரு நாள் சொன்னார். சொல்லிவிட்டு அவராலும் சிரிக்க முடியவில்லை.

எனக்கும் அந்த நாட்களில் உள்ளே ஒன்றும் ஓடவில்லை என்றுதான் சொல்லவேண்டும். ஆர்டிஸ் எனக்கும் சினேகிதி. சனிக்கிழமை அவர்கள் வீட்டுச் சவுனாவுக்கு நானும் போவதுண்டு. ஆனாலும் தாளைப் பார்த்தால் எனக்குத் தூணும் சட்டமும்தான் தெரிந்தன. கூட்டுவேன், பெருக்குவேன், கீழே கோடு போடுவேன். கை பாட்டுக்கு வேலை செய்தது.

ஏப்ரல் கடைசியில் அவருக்குத் தோதாக ஒன்று அமைந்தது. தரை இளகும் அந்தச் சில வாரங்கள் பாரவண்டிகள் ஊர்ச் சாலைகளில் ஓடக்கூடாது என்று தடை போடுவார்கள். ஓடினால் சாலை நொறுங்கிவிடும். எங்கள் மர லாரியும் நின்றுவிடும். ரெய்னோ வந்து, லாரி ஓடவில்லையே, என்ன செய்ய என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் ஏதோ கொஞ்சம் நிம்மதி மாதிரி இருந்தது. தடையை எடுத்த மறுநாள் அவர் வரவில்லை. அதற்கும் மறுநாள் வந்து, திரும்பவும் பன்னிரண்டடி என்றார்.

கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிற மெர்ல் மண்வெட்டிக்குப் புதுக் காம்பு வாங்க வந்தார். நல்ல மனுஷன், பேச்சுதான் கொஞ்சம் கரடுமுரடு. அந்தக் குளிர்காலத்தில் போனவர்களையெல்லாம் ஒவ்வொருவராக மண்ணுக்குள் வைத்தாகிவிட்டது, கல் கட்டடத்தில் ஆர்டிஸ் ஒருத்திதான் பாக்கி என்றார். ரெய்னோவிடம் கேட்டீர்களா என்றேன். கேட்டாராம். தோட்டத்தில் பைன் மர நிழல், கீழே இன்னும் உறைந்துதான் இருக்கும் என்று ரெய்னோ சொன்னாராம்.

"நாப்பது வருஷமா அந்த மண்ணைத் தோண்டறவன் நான்" என்றார் மெர்ல். "என்கிட்டயே சொல்றான், கீழ உறைஞ்சிருக்குன்னு. நான் என்ன, மண்ணைக் கொண்டுபோய் அவன் மூக்குல வெச்சா காட்டறது?"

காம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டார். தனக்கு அவசரம் இல்லை, அவளுக்கும் அவசரம் இல்லை, ஆனால் கோடை வந்துவிட்டால் அப்படி வைத்திருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே ரெய்னோவின் மகள் ஜோலீன் துலூத் நகரத்திலிருந்து கடைக்குப் போன் செய்தாள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். அப்பா மரம் வாங்கிவிட்டாரா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"அம்மா அங்க தனியா இருக்கா, ஐலி ஆன்ட்டி. மத்த எல்லாரும் போயாச்சாம். தேதி கேட்டா அப்பா டெக்குங்கறார். டெக் எப்பன்னு கேட்டா இன்னும் கணக்கு முடியலங்கறார். நீங்கதானே கணக்குப் போடறீங்க?"

கணக்கு முதல் நாளே முடிந்துவிட்டது, அம்மா என்றேன். எட்டடி, பதினாறடி, பெஞ்சு என்று அவர் மாற்றிக்கொண்டே இருப்பதைச் சொன்னேன். பேச்சோடு பேச்சாக அந்த நாற்பது பலகையையும் சொன்னேன். கடைசி ஓரடி மண்ணாகவே நிற்கப்போகிறது, சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறார் என்றேன்.

"எந்தப் பக்கம் குறையும்?"

"சவுனாப் பக்கம். வாசலுக்கு நேர் முன்னால."

ஜோலீன் சொன்னாள்: "அம்மா அங்கதான் கிடந்தா. கதவைத் திறந்து ஓரடிதான் வெச்சிருக்கா."

போனை வைத்த பிறகு மஞ்சள் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரெய்னோ தப்பாகக் கணக்குப் போடவில்லை. அந்த இடத்தில் பலகை போடவேண்டாம் என்று நினைத்தாரா, அந்த இடத்துக்கு வரவே வேண்டாம் என்று நினைத்தாரா, எனக்குத் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. தேதியும் அப்படித்தான். கணக்கு முடிந்தால் மரம் வரும், மரம் வந்தால் டெக் முடியும், டெக் முடிந்தால் பெட்டியை இறக்கவேண்டும். கணக்கு முடியாத வரைக்கும் ஒன்றும் முடியாது.

அவர் அடுத்த தடவை வந்தபோது நான் பென்சிலை எடுக்கவில்லை. இதுவரைக்கும் எழுதின தாள்களையெல்லாம் மேசைமேல் வரிசையாக வைத்தேன்.

"அகலத்தை எப்படி வேணா மாத்திக்கோ" என்றேன். "எட்டடி போட்டாலும் சரி, பதினாறடி போட்டாலும் சரி, பத்தடியில வர்ற நடுத்தூண் ஒண்ணு மட்டும் எதுலயும் மாறல. அந்த ஒரு குழியைத் தோண்டிடு. மிச்சத்தை அப்புறம் பாக்கலாம்."

அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நடுத்தூண் எல்லாவற்றிலும் அதே இடத்தில்தான் இருந்தது.

"கீழ உறைஞ்சிருக்கும்" என்றார். "வடக்குப் பாத்த இடம். வெயிலே விழாது."

"உறைஞ்சிருந்தா நிறுத்திடுவோம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

சனிக்கிழமை காலையில் ரெய்னோ வீட்டுக்குப் போனோம். ஹார்லன் வந்தார், நான் இலவங்கப்பட்டை போட்ட ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். மெர்லை நான்தான் கூப்பிட்டிருந்தேன். அவர் வண்டியிலிருந்து இரண்டு கைப்பிடி வைத்த குழிதோண்டியை இறக்கியதைப் பார்த்து ரெய்னோ, நீ எதற்கு என்று கேட்டார்.

"நான் தோண்டின குழியைப் பத்தி இதுவரைக்கும் யாரும் புகார் சொன்னதில்ல" என்றார் மெர்ல்.

ஹார்லன் சட்டென்று திரும்பிச் சவுனாக் கூரையைப் பார்த்தார். நான் ரொட்டித் தட்டைப் பார்த்தேன். ரெய்னோவின் வாய் ஓரம் மட்டும் கொஞ்சம் அசைந்தது. அது சிரிப்பா என்று என்னால் சொல்லமுடியாது.

சமையலறை வாசலில் ஆர்டிஸின் ரப்பர் செருப்பு இருந்தது, முன்பக்கம் சவுனாவைப் பார்த்தபடி. அதை யாரும் நகர்த்தவில்லை. ரெய்னோ சுவரிலிருந்து பத்தடி அளந்து, நடுவைக் குறித்து, ஒரு குச்சி நட்டார். அளப்பதில் அவர் கை தப்பவே இல்லை.

மெர்ல் தோண்டினார். மேல் மண் கறுப்பு, அப்புறம் மஞ்சள் களிமண். ஓரடி போனதும் ரெய்னோ, இனிமேல்தான் வரும் என்றார். இரண்டடியிலும் அதையே சொன்னார். மெர்ல் மண்ணை எடுத்துக் கொட்டிக்கொண்டே இருந்தார். ஹார்லன் மாற்றுக் கை கொடுத்தார். குழி இடுப்பளவுக்கு மேல் போய்விட்டது. அப்போது குழிதோண்டி எதிலோ மோதி நங்கென்று ஒலித்தது.

"அதோ" என்றார் ரெய்னோ. "சொன்னேனே."

அவர் அதற்குள் வீட்டுப் பக்கமாக இரண்டடி நடந்துவிட்டார். மெர்ல் கடப்பாரையை வாங்கி ஓரமாக நெம்பினார். பிறகு குழிதோண்டியை இறக்கித் தூக்கினார். வந்தது ஒரு கல். பூசணிக்காய் அளவு இருக்கும். அதைப் புல்லில் உருட்டிவிட்டுத் திரும்பவும் தோண்டினார்.

ரெய்னோ திரும்பி வந்து குழிக்குப் பக்கத்தில் நின்றார். ஐந்தடி ஆனதும் மெர்ல் கம்பியால் ஆழத்தைப் பார்த்தார். கடைசியாக ஒரு வாய் மண் எடுத்து, அதைக் குவியலில் கொட்டாமல் ரெய்னோவின் காலடியில் வைத்தார்.

ரெய்னோ குனிந்து அதை எடுத்தார். ஜில்லென்று இருந்திருக்கும். உள்ளங்கையில் வைத்து அமுக்கினார். பனித்தூள் ஏதும் மினுங்கவில்லை, உடையவும் இல்லை. வெண்ணெய் மாதிரி அமுங்கி, நாலு விரலும் பதிந்தது. திருப்பி வைத்து மறுபடி அமுக்கினார். நாங்கள் மூன்று பேரும் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றோம். பக்கத்து வீட்டில் யாரோ ரேடியோ வைத்திருந்தார்கள், வானிலை சொல்லிக்கொண்டிருந்தது.

"தோட்டத்துலயும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"இப்படித்தான், ரெய்னோ" என்றார் மெர்ல். "கொஞ்ச நாளாவே."

ரெய்னோ அந்த மண்ணைக் குவியலின்மேல் மெதுவாக வைத்தார். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"சரி. வர்ற சனிக்கிழமை வெச்சுக்கலாம்."

ஹார்லன்தான் தயங்கித் தயங்கி, ஒரு வாரத்தில் டெக் முடியாதே, கான்கிரீட் இறுகவே நாளாகுமே என்றார்.

"தெரியும்" என்றார் ரெய்னோ. "மரத்தை மட்டும் இறக்கிடு."

நான் பையிலிருந்து தாளை எடுத்தேன். பன்னிரண்டடி அகலத்தாள். பலகை என்ற இடத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். கேட்கவேண்டியது என் வேலை. அவர் என்னைப் பார்க்காமல் சவுனாக் கதவைப் பார்த்தார்.

"நீ முதல்ல சொன்னதையே போடு" என்றார்.

நாற்பது என்பதை அடித்துவிட்டு நாற்பத்து மூன்று என்று எழுதினேன்.

சனிக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவை அழுவதற்கு எல்லாரும் கைக்குட்டையோடு வந்திருந்தோம். அழுகை வரவில்லை. பாதிரியார் சுருக்கமாக ஜெபித்தார். வார்ப்பட்டைகளைப் பிடித்துப் பெட்டியை இறக்கினார்கள். ஜோலீன் அப்பாவின் கையைப் பிடித்திருந்தாள். அவர் அந்தக் கையை அவளிடம் கொடுத்துவிட்டு வேறெங்கோ நிற்பவர் மாதிரி நின்றார். மெர்ல் தூரத்தில் ஒரு மரத்தடியில் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார். மண் போடச் சொன்னபோது ரெய்னோ குனிந்து ஒரு பிடி எடுத்தார். போடுவதற்கு முன் அதையும் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தால் பின்பக்கம் முழுக்கச் சேறு. மரம் முந்தின நாளே வந்து அடுக்கிக் கிடந்தது, மக்காமல் இருக்க மருந்து ஏற்றிய பைன், பச்சை நிறத்தில், ஈரமாக. சர்ச் பெண்கள் சமையலறையில் பன்னுக்குள் ஹாம் இறைச்சி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஹார்லன்தான் சொன்னார், சட்டங்களைச் சேற்றின்மேலேயே படுக்கவைத்து மேலே பலகையைச் சும்மா பரப்பிவிடுவோம், நிற்கவாவது இடம் கிடைக்கும் என்று. ஆண்கள் கோட்டைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள். சட்டங்களை வரிசையாகப் போட்டு, வீட்டுச் சுவரிலிருந்து ஒவ்வொரு பலகையாகப் பரப்பிக்கொண்டே போனார்கள். ஓர் ஆணியை நடுவில் வைத்து இடைவெளி பார்த்தார்கள். நிரந்தரமாகப் போடாத தளத்துக்கு எதற்கு இடைவெளி என்று யாரும் கேட்கவில்லை.

நாற்பதாவது பலகை விழுந்ததும் ரெய்னோ போய் அவர்கள் நடுவில் நின்றார். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவர்கள் விலகினார்கள். அவருக்கு முன்னால் அந்த ஓரடிச் சொச்சம் மண் கிடந்தது. மழையில் குழைந்து, சாதாரணச் சேறு. அதில் ஒன்றும் தெரியவில்லை.

சாவுக்குப் போட்ட கறுப்புக் கோட்டோடு மண்டி போட்டார். ஒரு பலகையை இழுத்து வைத்தார், ஆணியை வைத்து இடைவெளி பார்த்தார், நகர்த்தினார். இரண்டாவது பலகை. மூன்றாவதை வைத்தபோது அது சவுனாப் படியைத் தொட்டது. அந்தப் பலகையின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். ஜோலீன் சமையலறை வாசலில் ரப்பர் செருப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் அழுதாள் என்று நினைக்கிறேன். அவர் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். முழங்கால் இரண்டிலும் வட்டமாகச் சேறு.

எல்லாரும் காபிக் கோப்பையோடு வெளியே வந்தார்கள். நடக்க நடக்கப் பலகைகள் தடதடவென்று ஆடின. நிற்கலாம், ஆனால் பார்த்து நிற்கவேண்டும். ரெய்னோ என் பக்கத்தில் வந்து நின்றார். காலால் ஒரு பலகையை அமுக்கிப் பார்த்தார்.

"திருகாணி எத்தனை ஆகும், ஐலி?"

மனக்கணக்காகவே சொன்னேன். ஒரு பலகைக்குப் பத்துச் சட்டம், சட்டத்துக்கு இரண்டு திருகாணி. நாற்பத்து மூன்று பலகைக்கு எண்ணூற்று அறுபது.

"ஆர்டிஸ் ஆயிரம் வாங்கச் சொல்லுவா" என்றார். "கையிலேருந்து விழறதுக்கும் சேத்து."

ஆயிரமே எடுத்து வைக்கிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். தூறல் விட்டிருந்தது. யாரோ ஒரு பையன் பலகை ஆடுகிற சத்தம் கேட்க வேண்டுமென்றே குதித்தான், அவன் அம்மா காதைத் திருகி உள்ளே கூட்டிப்போனாள்.

திங்கட்கிழமை கடைக்கு வந்து வாங்கிக்கொண்டு போனார். தொப்பியைக் கழற்றவில்லை. திருகாணிப் பெட்டிகளைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் வாசலுக்குப் போகிற நேரத்தில், உள்ளே ஏதோ எண்ணிக்கொண்டிருந்த ஹார்லன் பழக்கதோஷத்தில் தலையைத் தூக்காமலே கேட்டுவிட்டார்.

"டெக்குக்கா?"

கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. எழுந்து வெளியே வந்தார். நானும் பென்சிலைக் கீழே வைத்தேன். ரெய்னோ கதவைத் தோளால் தள்ளிப் பிடித்தபடி நின்றார்.

"ஆமா" என்றார்.